அப்கிரேடு பாதியில் நின்றதா? ஃபார்மட் வேண்டாம்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எனக்குத் தெரிந்த சின்ன லேத் பட்டறை ஒன்று உண்டு. சிப்காட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இடம். முன்னறையில் ஒரு பழைய மேசைக் கணினி. பில், டெலிவரி சலான், கம்பெனிக்காரர்கள் அனுப்பும் டிராயிங் எல்லாம் அதில்தான். ஓடுவது உபுண்டு லினக்ஸ். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ‘அப்டேட் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனார் பட்டறைக்காரர். நடுவில் கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு கணினி எழுந்தது. ஆனால் எதை நிறுவச் சொன்னாலும் சிவப்பு எழுத்தில் முறைத்தது. திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணா, பேசாம ஃபார்மட் பண்ணிடலாமா?” என்று கேட்டார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை இடையில் தடைப்பட்டிருக்கிறது, ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையை நீங்களே ஓட்டிச் சரிசெய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. நோயும் மருந்தும் அந்த ஒரு வரியிலேயே இருந்தன. அவர் சிவப்பைப் பார்த்தார், வரியைப் படிக்கவில்லை.

லினக்ஸ் மேசைக் கணினியில் அப்கிரேடு சிக்கல்களில் பெரும்பாலானவை இப்படித்தான். கணினி கெட்டுப்போனதால் நிற்பதில்லை. கணக்கு ஒத்துவராததால் நிற்கிறது. எந்தக் கணக்கு, எங்கே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே உபுண்டு, டெபியன், மின்ட், பாஸ் லினக்ஸ் ஆகிய ஒரே குடும்பத்துக் கணினிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

ஸ்டோர்ஸ் கணக்கு

கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பின் கார்டு இருக்கும். எத்தனை வந்தது, எத்தனை போனது, இப்போது என்ன இருப்பு என்று அதில் ஏறியிருக்கும். லினக்ஸிலும் அப்படி ஒரு கார்டு உண்டு. எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, நிறுவி முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்பதெல்லாம் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்வது டிபிகேஜி என்னும் கருவி. ஸ்டோர்ஸ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலே ஆப்ட் என்று இன்னொரு கருவி. இது பர்ச்சேஸ் பிரிவு. எந்தப் பொருளுக்கு எந்தப் பொருள் துணை வேண்டும், எங்கிருந்து வரவழைப்பது, எது எதோடு சேராது என்பதை முடிவு செய்வது அதன் வேலை. ‘ஆப்ட் அப்டேட்’ என்றால் புதிய விலைப்பட்டியலை வாங்கி வருவது மாதிரி. அப்போது கணினியில் எந்த மென்பொருளும் மாறாது. ‘ஆப்ட் அப்கிரேடு’ என்றால்தான் சரக்கு இறங்கும்.

இறங்கிய சரக்கு இரண்டு கட்டமாக உள்ளே போகும். முதலில் பெட்டியைப் பிரித்துக் கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பது. பிறகு அமைத்து ஓடவிடுவது. பட்டறைக் கணினியில் கரண்ட் போனது இந்த இரண்டுக்கும் நடுவில். பெட்டி பிரித்தாயிற்று, அமைக்கவில்லை என்று கார்டில் ஏறிவிட்டது. அந்தக் கணக்கு முடியாமல் அடுத்த வரவை ஏற்க ஸ்டோர்ஸ்காரர் மறுக்கிறார். மறுப்பது அவர் கடமை. படத்தில் இருந்த கட்டளையைக் கொடுத்ததும் பாதியில் நின்றதெல்லாம் வரிசையாக அமைந்து முடிந்தது. அதன்பின் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’ என்று ஒருமுறை கொடுத்தால், துணைப் பொருள் ஏதாவது விடுபட்டிருந்தாலும் வரவழைத்துக்கொள்ளும். பத்து நிமிட வேலை.

எந்த வரியைப் படிப்பது

திரையில் ஐம்பது வரி ஓடும். அத்தனையும் படிக்க வேண்டியதில்லை. ‘டபிள்யூ’ எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும் வரி எச்சரிக்கை. வேலை நடக்கும், ஆனால் கவனி என்கிறது. ‘ஈ’ எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்குவதே பிழை. ஈ-வரிகள் பல இருந்தால் முதலில் வந்ததைப் பிடியுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ‘ஒரு துணைச் செயல் பிழைக் குறியீடு 1 திருப்பியது’ என்று கடைசியில் வரும் வரியை மட்டும் தேடிக்கொண்டு அலைந்தால் ஒன்றும் கிடைக்காது. எந்தப் பேக்கேஜ் என்பது அதற்கு மேலே பத்து வரியில் இருக்கும்.

அடிக்கடி வரும் மூன்று

முதலாவது பூட்டு. ‘லாக்-ஃபிரண்ட்எண்ட் பூட்டைப் பெற முடியவில்லை’ என்று வரும். இன்னொரு நிரல் ஏற்கெனவே ஸ்டோர்ஸுக்குள் நிற்கிறது என்று அர்த்தம். கணினியைத் திறந்தவுடன் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக இறக்கும் நிரல்தான் அநேகமாக அது. இப்போதைய பதிப்புகளில் எந்த நிரல் பூட்டியிருக்கிறது என்ற பெயரையும் எண்ணையும் சேர்த்தே சொல்லும். கொஞ்ச நேரம் பொறுத்தால் தானே விலகும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பின் கார்டில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

இரண்டாவது, மேலே சொன்ன பாதி வேலை.

மூன்றாவது இடமின்மை. ‘டிஎஃப் -ஹெச்’ என்று தட்டினால் எந்தப் பகுதி எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்று காட்டும். இறக்கிய பெட்டிகள் காலியானபின்பும் கிடங்கில் கிடக்கும். ‘சூடோ ஆப்ட் கிளீன்’ அவற்றைக் கழிக்கும். பூட் பகுதியைத் தனியாகப் பிரித்து நிறுவிய கணினிகளில் கெர்னல் எனப்படும் இயங்குதள மையத்தின் பழைய பதிப்புகள் சேர்ந்து சேர்ந்து அந்தச் சின்னப் பகுதி நிரம்பிவிடும். ‘சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்’ பயன்படாத பழைய கெர்னல்களை நீக்கும். இப்போது ஓடுவதைத் தொடாது. பூட் பகுதிக்குள் நுழைந்து கையால் கோப்புகளை அழிப்பது ஆபத்து. கார்டில் இருப்பு இருக்கும், ரேக்கில் பொருள் இருக்காது.

பட்டன் செல் செய்யும் வேலை

அடுத்த சிக்கல் பெரும்பாலும் பழைய கணினிகளில் வருவது. ‘இந்தப் பட்டியல் இன்னும் இத்தனை நாளுக்குச் செல்லாது’ என்று ஆப்ட் விசித்திரமாக ஒரு பிழை சொல்லும். பட்டியலில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவோம். திரையின் மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோயிருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் கணினிக்கு நாள் மறந்துவிடும். அதன் கணக்கில், நேற்று கையெழுத்தான பட்டியல் வருங்காலத்திலிருந்து வந்தது. ஏற்காது.

இணையம் கிடைத்ததும் கணினி பெரும்பாலும் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அதற்குள் அப்டேட் கொடுத்தாலோ, அலுவலக நெட்வொர்க்கில் நேரச் சேவையைத் தடுத்திருந்தாலோ இந்தப் பிழை வரும். நேரத்தைக் கையால் சரிசெய்து, செல்லையும் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினியில், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மாறிக்காட்டினால் அதற்கு செல் காரணமில்லை. விண்டோஸ் கணினியின் உள்கடிகாரத்தை இந்திய நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளிதான் ஐந்தரை மணி நேரம்.

வெளிச் சப்ளையர்

உபுண்டுவோ டெபியனோ தன் கிடங்கிலிருந்து தரும் பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி சோதித்து வைக்கப்பட்டவை. நாம் அதோடு நிற்பதில்லை. குரோம் உலாவிக்கு ஒரு கிடங்கு, பிரின்டருக்கு ஒரு டெப் கோப்பு, எங்கோ படித்ததைப் பார்த்துச் சேர்த்த இன்னொரு கிடங்கு என்று வெளியிலிருந்தும் கொண்டுவருகிறோம். தப்பில்லை. ஆனால் கம்பெனி டிராயிங்கின் ரிவிஷனை மாற்றிய பிறகும் பழைய ரிவிஷனுக்கே பாகம் கடைந்து அனுப்பும் சப்ளையரைப் போல, இந்த வெளிப் பேக்கேஜ்கள் சில நேரம் பின்தங்கிவிடும். ‘துணைத் தேவை நிறைவேறவில்லை’ என்ற பிழையில் பெரும்பகுதி இப்படி வருவது.

ஓர் உதாரணம். உபுண்டு 24.04-இல் ஒலிக்கான நூலகமான லிப்அசவுண்ட்2 என்பதை நிறுவு என்று பழைய குறிப்பைப் பார்த்துக் கட்டளை கொடுத்தால், நிறுவத்தக்கது எதுவும் இல்லை என்று பதில் வரும். நூலகம் எங்கும் போய்விடவில்லை. அதன் பெயர் லிப்அசவுண்ட்2டி64 என்று மாறியிருக்கிறது. 32 பிட் கணினிகள் நேரத்தை நொடிக்கணக்கில் எண்ணும் பழைய முறை 2038 ஜனவரி 19-ஆம் தேதி நிரம்பி வழிந்துவிடும். அதற்கு முன்பே நேர எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம் தொட்ட ஏராளமான நூலகங்களின் பெயரோடு ‘டி64’ ஒட்டிக்கொண்டது. டெபியன் 13-லும் இதே மாற்றம் உண்டு. பழைய குறிப்புகள் மட்டும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

சாவிப் பிரச்சினையும் இதே வகை. ‘பொதுச் சாவி இல்லை’ என்று வந்தால், வந்த சரக்கின் சலானில் இருக்கும் கையெழுத்தை ஒத்துப்பார்க்க நம்மிடம் மாதிரிக் கையெழுத்து இல்லை என்று பொருள். அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து புதிய சாவியை எடுத்துச் சேர்க்க வேண்டும். சரிபார்ப்பையே அணைத்துவிடும் வழியும் உண்டு. கேட்டில் வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு லாரியை உள்ளே விடுவதற்குச் சமம் அது.

‘ஹாஷ் பொருந்தவில்லை’ என்ற பிழை, இறங்கிய பட்டியல் வழியில் சிதைந்தாலோ, கிடங்கே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் கேட்டாலோ வரும். செல்ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் பெரிய அப்கிரேடைத் தொடங்குபவர்கள் இதை ஓரிரு முறையாவது பார்த்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயன்று பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அமைப்புகளில் போய் வேறு சேவையகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஓசூர்ப் பக்கம் பைத்தான் படிக்கும் பொறியியல் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணினியோடு வந்த பைத்தானை மாற்றாதீர்கள். ஆப்ட்டைச் சுற்றியுள்ள பல கருவிகள் அந்தப் பதிப்பை நம்பியே எழுதப்பட்டவை. உபுண்டுவில் அதை மாற்றியவர்களுக்கு டெர்மினலே திறக்காமல் போனதுண்டு. புதிய பதிப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாக நிறுவி, மெய்நிகர் சூழல் ஒன்றுக்குள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

என்ன போகிறது என்று பாருங்கள்

‘இந்தப் பேக்கேஜ்கள் நிறுத்திவைக்கப்பட்டன’ என்று வந்தால் பதற வேண்டாம். உபுண்டு பல அப்டேட்டுகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை. முதலில் சிறு பங்கினருக்கு அனுப்பி, புகார் இல்லையென்றால் படிப்படியாக விரிக்கும். கம்பெனியில் டிரையல் லாட் ஓட்டிப் பார்ப்பது போலத்தான். சில நாளில் உங்களுக்கும் வரும்.

மற்ற காரணம், அந்தப் பேக்கேஜை உயர்த்த வேண்டுமானால் வேறொன்றை நீக்க வேண்டியிருப்பது. ‘அப்கிரேடு’ எதையும் நீக்காது. ‘ஃபுல்-அப்கிரேடு’ நீக்கும். அதனால் இரண்டாவதைக் கொடுக்கும்போது ‘நீக்கப்படுபவை’ என்ற பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். தெரியாத நூலகம் ஒன்றிரண்டு என்றால் பொதுவாகப் பரவாயில்லை. டெஸ்க்டாப் என்ற சொல்லோடு ஏதாவது அதில் தெரிந்தால் ‘என்’ அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

2021 நவம்பரில் உலகமே பார்க்க இது நடந்தது. கனடாவைச் சேர்ந்த யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அன்றைக்குக் கிடங்கில் இருந்த ஒரு முரண்பாட்டால், ஸ்டீமை நிறுவ டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. ஆபத்து என்று எச்சரித்து, உறுதியென்றால் ‘ஆமாம், நான் சொல்வதைச் செய்’ என்ற வாக்கியத்தை முழுதாகத் தட்டச் சொன்னது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போயிற்று. தவறு கிடங்கில் இருந்தது உண்மை. ஆனால் கருவி நிறுத்திக் கேட்டது என்பதும் உண்மை. அந்த நிகழ்வுக்குப் பிறகு ஆப்ட்டில் அந்த வழியையே இன்னும் கடினமாக்கிவிட்டார்கள்.

இன்னொரு கேள்வியும் இடையில் வரும். நீங்கள் மாற்றி வைத்திருக்கும் ஓர் அமைப்புக் கோப்புக்குப் புதிய வடிவம் வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்கும். என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே நீடிக்கும். பிரின்டரையோ நெட்வொர்க்கையோ சிரமப்பட்டு அமைத்தவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. ‘டி’ தட்டினால் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் காட்டும்.

வயதான பதிப்புகள்

தமிழ்நாட்டு வீடுகளில் லினக்ஸ் நுழைந்த கதையில் ஒரு பெரிய அத்தியாயம் அரசின் இலவச மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய அதன் முதல் பதிப்பு 2007-இல் வெளிவந்தது. அந்த மடிக்கணினிகளில் சில இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. இப்போது தங்கை படிக்கிறாள் என்று எடுத்துத் திறந்து அப்டேட் கொடுத்தால் ‘404, கிடைக்கவில்லை’ என்று வரிசையாகப் பிழை வரும்.

கணினியில் கோளாறு இல்லை. அது கேட்டுப் போகும் கடை காலி செய்யப்பட்டுவிட்டது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு. டெபியன் பதிப்புக்குச் சுமார் மூன்று ஆண்டு முழு ஆதரவு, நீண்ட கால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து. உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு, 20.04-க்கு 2025 மே மாதத்தோடு அது முடிந்தது. காலம் முடிந்த பதிப்பின் பேக்கேஜ்கள் பின்னர் காப்பகச் சேவையகத்துக்கு மாற்றப்படும். முகவரியை அங்கே திருப்பினால் அவற்றை எடுக்கலாம். புதிய பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வராது.

பதிப்பு தாண்டும்போது படி தாண்டக் கூடாது. டெபியன் 11-இலிருந்து 13-க்கு நேராகப் போக முடியாது. நடுவில் 12-இல் நின்று போக வேண்டும். அந்த 12-ஆம் படியில் பலர் தடுக்கி விழுந்தார்கள். 2023 ஜூனில் வந்த அந்தப் பதிப்பில், வைஃபை போன்ற வன்பொருளுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளைத் தனிப் பிரிவாகப் பிரித்தார்கள். கிடங்குப் பட்டியலில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற சொல்லைச் சேர்க்காதவர்களுக்கு அந்தக் கோப்புகளின் அப்டேட் வராமல் நின்றுபோனது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் கணினிகளுக்கான கெர்னலும் நிறுவியும் கிடையாது. ‘யுநேம் -எம்’ என்று தட்டிப் பாருங்கள். 64 என்ற எண் வராவிட்டால் அந்தப் படியில் ஏறாதீர்கள். உபுண்டுவில் 20.04, 22.04, 24.04 என்று நீண்ட காலப் பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டலாம். போகும் வழியில் வெளிக் கிடங்குகளை அதுவே அணைத்துவிடும். முடிந்தபின் தேவையானதை மட்டும் நாம் திரும்ப இயக்க வேண்டும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து, நல்ல நிலையிலுள்ள பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றலாமா என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். மாற்றலாம். அலமாரியிலிருந்து எடுத்த மடிக்கணினியிலும், பத்து வருடப் பழைய லினக்ஸ் பதிப்பைப் படிப்படியாக ஏற்றுவதைவிட, தரவைப் பென் டிரைவில் எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் புதிதாக நிறுவுவது சுலபம். ஃபார்மட் நியாயமாகும் இடம் அது.

அப்கிரேடு முடிந்து கணினியே எழவில்லை என்றால், கணினி தொடங்கும்போது வரும் க்ரப் என்ற மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். மெனு தெரியாவிட்டால் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையைப் பயன்படுத்திப் பாருங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளில் புதிய கெர்னலுக்கு டிரைவர் பொருந்தாமல் கருந்திரை வருவது பழகிய சங்கதி. பழைய கெர்னலில் எழுந்துவிட்டால் டிரைவரை நிதானமாகச் சரிசெய்யலாம்.

அடுத்த முறைக்கு

பட்டறைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஐந்து வரி. கணினிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். டெலிவரி இருக்கும் நாளில் அப்கிரேடு செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமலும், மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகாமலும் தொடங்காதீர்கள். சொந்தக் கோப்புகளை முதலில் பென் டிரைவில் எடுங்கள். டைம்ஷிஃப்ட் என்ற கருவி இருந்தால் கணினியின் நிலையையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நீக்கப்படுபவை பட்டியலைப் படித்த பிறகே ‘ஒய்’ தட்டுங்கள். நின்றுவிட்டால், படம் எடுத்து யாருக்காவது அனுப்பும் முன்பு, முதல் ஈ-வரியை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

ஐந்தாவதைச் செய்தாலே நிறைய பேருக்கு யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.